உறையைப் பிரித்தவர் யார்?

வத்தலக்குண்டில் உபாத்தியாயர் வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியமும் ஒரு சங்கடமும் உண்டு. கொடைக்கானல் மலைக்குப் போகிறவர்களில் பலர் நம் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். சிநேகிதர்கள் இறங்கி, ஒரு டம்ளர் காப்பி சாப்பிட்டு, நாட்டு நடப்பையும் நம்மிடம் இறக்கி வைத்துவிட்டு மலை ஏறுவார்கள். இது சௌகரியம். சங்கடம் என்னவென்றால், 1884-ஆம் வருஷம் ஸுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் இது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். மேடையில் பேசியதற்காக 1908-இல் அவருக்குப் பத்து வருஷம் தீவாந்தர சிக்ஷை விதித்தார்கள் என்பதையும் நாமேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அப்படிப்பட்டவர் பிறந்த ஊர்ப் பிள்ளைகள், சர்க்காரைப் பற்றிய பாடம் வந்தால் சும்மா இருப்பார்களா?

2025 ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள், பத்தாம் வகுப்பில் குடியரசுத் தலைவரின் அதிகாரங்களை நடத்திக்கொண்டிருந்தோம். கரும்பலகையில் 352, 356, 360 என்று மூன்று எண்களை எழுதி, இவையே நெருக்கடி நிலைக்குரிய ஷரத்துக்கள், பரீட்சையில் வரும் என்று சொல்லி முடித்தோம். பரீட்சையில் வரும் என்றால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்; அதோடு விஷயம் முடிந்துவிடும். அன்று முடியவில்லை. மூன்றாவது பெஞ்சியிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள் தகப்பனார் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். தமையன் ராணுவத்தில் இருக்கிறான்.

அந்த வருஷம் மே மாதம் 7-ஆம் தேதி பாகிஸ்தானோடு மூண்ட சண்டை 10-ஆம் தேதி நின்றது நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்த நான்கு நாளும் அவர்கள் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. தமையனிடமிருந்து ஒரே ஒரு தடவை டெலிபோன் வந்ததாம். "நல்லா இருக்கேன். எங்கே இருக்கேன்னு மட்டும் கேட்காதே அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம்.

"ஸார், யுத்தம்னு வந்துட்டா குடியரசுத் தலைவர் எங்க வீட்டுப் போனை ஒட்டுக் கேட்கச் சொல்லலாமா?" என்று கேட்டாள். "எங்க அண்ணன் பேசுறதைக் கேட்கட்டும், அது சரிதான். எங்க அம்மா பேசுறதை எதுக்குக் கேட்கணும்?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மணி அடித்ததும் வெளியே வந்தோம். பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் கிடையாது. நமக்குத் தெரியாமலும் இல்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லத் தொடங்கினால் நம் பாட்டனாரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது என்பதுதான் தயக்கம்.

நம் தாயாரின் தகப்பனார் தபால் இலாகாவில் இருந்தவர். நம் ஊருக்கும் வைகைக்கும் நடுவே ஒரு கிராமத்துத் தபாலாபீஸில், இரண்டாம் உலக யுத்த காலத்தில், இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தார். கிராமத்தின் பெயர் இங்கே வேண்டாம். ரிடையர் ஆன பிறகும் அவரிடம் ஒரு விநோத வழக்கம் இருந்தது. வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் உடனே பிரிக்க மாட்டார். உறையைத் திருப்பி, ஒட்டியிருக்கும் விளிம்பின்மேல் கட்டைவிரல் நகத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். கலியாணப் பத்திரிகையானாலும் சரி, வரிபாக்கி நோட்டீஸானாலும் சரி, நகம் ஓடியாக வேண்டும். சிறு பிள்ளையாக இருந்தபோது, இது தபால்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

1987 ஜூலையில் நமக்கு ஒன்பது வயது. பாட்டனாருக்குக் கண்புரை. தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது நம் வேலை. கூலி, இரண்டு கடலைமிட்டாய். அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் கியானி ஜெயில் சிங். அந்த மாதம் 25-ஆம் தேதி அவருடைய பதவிக் காலம் முடிந்தது. அந்தச் சமயத்துப் பத்திரிகையில் ஒரு செய்தி: பார்லிமெண்டின் இரு சபைகளும் 1986-இல் நிறைவேற்றி அனுப்பிய தபால் சட்டத் திருத்த மசோதாவில் அவர் கையெழுத்திடவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை, அப்படியே வைத்துவிட்டார் என்று. இது அரிசி விலையைப் பற்றியதும் இல்லை, கிரிக்கெட்டைப் பற்றியதும் இல்லையாதலால் வேகமாக வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனோம்.

"அதை இன்னொரு தரம் படி, ஐயா" என்றார் பாட்டனார்.

படித்தோம்.

"கையெழுத்துப் போடவே இல்லையா?"

"இல்லை தாத்தா."

மூன்றாம் தரமும் படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். கடலைமிட்டாயை அன்று நாமே டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பத்து வருஷம் கழித்து, நாம் மதுரையில் பட்டப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு விடுமுறையில் அதன் காரணத்தைச் சொன்னார். அப்போது அவருக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

யுத்த காலத்தில் அவர் ஆபீஸுக்கு இரண்டு விதமான கடிதங்கள் வந்தன. முதல் விதம், பட்டாளத்துக்குப் போனவர்களின் கடிதம். பாட்டனாரின் சொந்தத் தம்பியே மதராஸ் ஸாப்பர்ஸ் படையில் சேர்ந்து கடல் கடந்து போயிருந்தார். அந்தக் கடிதங்கள் பட்டவர்த்தனமாகப் பிரிக்கப்பட்டே வந்தன. உறையின் விளிம்பில், சோதனை அதிகாரியால் பிரிக்கப்பட்டது என்று இங்கிலீஷில் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். பிரித்தவரின் எண்ணும் அதில் இருக்கும். உள்ளே ஊர்ப் பெயர், கப்பல் பெயர் வருகிற இடங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருப்பார்கள். பாட்டனாரின் தாயார் எழுத்தறியாதவர். மகன் கடிதம் வந்தால் முதலில் கையில் வாங்கி, காகிதத்தில் இருக்கும் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்ப்பாராம். "வெட்டியிருக்கான், அப்ப எம்புள்ளை எதையோ எழுதித்தான் இருக்கான்" என்று திருப்தியடைந்த பிறகே வாசிக்கச் சொல்வாராம். அந்தக் கத்தரிக்கோலின்மேல் வீட்டில் ஒருவருக்கும் கோபம் கிடையாது. கப்பல் எங்கே போகிறது என்று சத்துருவுக்குத் தெரிந்தால் கப்பலோடு பிள்ளையும் போய்விடுவான் என்பது எழுத்தறியாத அந்த அம்மாளுக்கும் விளங்கியிருந்தது.

இரண்டாம் விதம் வேறு. 1942 ஆகஸ்டில் மகாத்மா கைதான பிறகு நம் ஜில்லாவிலும் பல பேரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அந்தக் கிராமத்தில் கதர் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் மகன், காலேஜில் படித்த பையன், வடக்கே ஒரு சிறைக்குப் போனான். ஒரு நாள் போலீஸ் ஸப் இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு வந்தார். பெரியவருக்கு வருகிற கடிதங்களைத் தனியே எடுத்து வைக்க வேண்டும், கான்ஸ்டபிள் வந்து வாங்கிப்போவான், சாயங்காலம் திருப்பித் தருவான், மறுநாள் பட்டுவாடா செய்தால் போதும் என்றார். பாட்டனார் அப்படியே செய்தார். திரும்பி வருகிற உறைகளில் சீட்டும் இல்லை, எண்ணும் இல்லை. கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்து மறுபடி கோந்து தடவி ஒட்டியிருப்பார்கள். விளிம்பு மட்டும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். நகத்தால் தடவினால் தெரியும். மறுநாள் காலையில் பாட்டனார் அதைப் பெரியவரிடம் கொடுத்து, "இப்பத்தான் வந்துச்சு, மாமா" என்று சொல்ல வேண்டும்.

ஆறு மாதம் சொன்னார். ஒரு தடவை ஸப் இன்ஸ்பெக்டர் முகாமுக்குப் போய்விட்டபடியால் கடிதம் ஸ்டேஷனிலேயே ஐந்து நாள் கிடந்தது. மகனுக்கு விஷ ஜுரம், ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள், உடனே வரவும் என்று கூட இருந்த ஒரு கைதி எழுதிய கடிதம் அது. பெரியவர் கொடைரோடு ரயிலடிக்கு ஓடி ரயில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, முந்தின நாளே எல்லாம் முடிந்திருந்தது.

"ஐந்து நாளும் அது ஸ்டேஷனிலே இருக்குன்னு எனக்குத் தெரியும். அவர் தினமும் வந்து கேட்டார். இல்லைன்னு சொன்னேன்" என்றார் பாட்டனார். பெரியவர் 1960-களில் காலமானார். கடைசிவரை பாட்டனாரைக் கண்டால், "தபால்கார மாப்பிள்ளை" என்று அன்போடு கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாம் காலேஜ் படிப்பின் கர்வத்தில் ஒரு கேள்வி கேட்டோம். 1898-ஆம் வருஷத் தபால் சட்டத்தின் 26-ஆவது பிரிவு நம் கையில் இருந்தது. பொது அவசர நிலையிலோ, பொதுப் பாதுகாப்பையும் அமைதியையும் முன்னிட்டோ கடிதத்தைத் தடுத்து நிறுத்த உத்தரவிடலாம். ஆனால் அந்த உத்தரவு எழுத்து மூலமாக இருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் போட்ட சட்டமே சொல்லுகிறது. "ஸப் இன்ஸ்பெக்டர் உத்தரவைக் காட்டினாரா, தாத்தா?" என்று கேட்டோம்.

"காட்டச் சொல்லலாம்னே எனக்குத் தெரியாதே, ஐயா" என்றார்.

யுத்த காலத்தில் பாதுகாப்பு விதிகள் என்று வேறு ஒரு மூட்டை இருந்தது. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு காகிதத்தை நீட்டியிருக்கவும் கூடும். அதுவல்ல விஷயம். அவர் கேட்கவில்லை. கேட்காததை ஐம்பத்தைந்து வருஷம் நகத்தில் சுமந்துகொண்டிருந்தார்.

நிற்க. மறுநாள் வகுப்பில் இந்தக் கதையையும் சொல்லித்தான் பதிலைத் தொடங்கினோம்.

அந்தப் பெண் கேட்டதில் இரண்டு முடிச்சு இருக்கிறது. முதலாவது, யுத்தம் என்றதும் குடியரசுத் தலைவர் சர்வாதிகாரி ஆகிவிடுகிறாரா? இல்லை. மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடப்பவரே அவர். 1962 அக்டோபர் 26-ஆம் தேதி, சீனப் படையெடுப்பின்போது, நம் திருத்தணியில் பிறந்த ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன்தான் முதன் முதலில் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். நாடு முழுவதும் அதை ஒப்புக்கொண்டது. பெண்கள் கைவளையலைக் கழற்றிக் கொடுத்த காலம் அது. ஆனால் சீனா நவம்பர் 21-ஆம் தேதி சண்டையை நிறுத்திவிட்டது. பிரகடனம் எப்போது நின்றது தெரியுமா? 1968 ஜனவரியில்! ஒரு மாதச் சண்டைக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் நெருக்கடி நிலை. அடுத்தது 1971 டிஸம்பர் 3-ஆம் தேதி, பாகிஸ்தான் யுத்தத்துக்காக. டாக்காவில் சரணாகதி 16-ஆம் தேதி ஆகிவிட்டது. பிரகடனமோ 1977 மார்ச் வரையில் அமலில் இருந்தது. பதின்மூன்று நாள் யுத்தத்துக்கு மறுபடியும் ஐந்து வருஷத்துக்கு மேல்! கலியாணம் முடிந்து பந்தலைப் பிரிக்காமல் விட்டால் அதன் அடியில் யார் யாரோ வந்து குடியேறிவிடுகிறார்கள் அல்லவா, அது போல.

குடியேறியது என்ன என்பதை 1975 ஜூன் 25-ஆம் தேதி இரவு பார்த்தோம். உள்நாட்டுக் குழப்பம் என்று காரணம் காட்டி, முதல் பிரகடனம் அமலில் இருக்கும்போதே இரண்டாவதாக ஒன்று தயாராயிற்று. பக்ருதீன் அலி அகமது நள்ளிரவை ஒட்டிக் கையெழுத்திட்டார். மந்திரிசபைக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் விடியற்காலையில்! மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர், மந்திரிசபை கூடுவதற்கு முன்பே கையெழுத்திட்டுவிட்டார். சித்திரக்காரர் அபு ஆபிரஹாம் அந்த வருஷம் டிஸம்பரில் ஒரு படம் போட்டார். குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் இருந்தபடியே கையை நீட்டிக் காகிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். கரும்பலகையில் இதைப் போல வரைய முயன்றோம். தொட்டி மாட்டுக் காடி மாதிரி வந்தது. பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களை விசாரணையின்றிச் சிறையில் வைத்தார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போகலாமா என்ற கேள்வி வந்தபோது, 1976 ஏப்ரல் 28-ஆம் தேதி ஸுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் போக முடியாது என்றார்கள். எச். ஆர். கன்னா ஒருவரே மாறாகத் தீர்ப்பு எழுதினார். தலைமை நீதிபதி பதவி அடுத்து அவருக்கு வரவேண்டியது. 1977-இல் அவரைத் தாண்டி இன்னொருவருக்குப் போயிற்று. அவர் ராஜினாமாச் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

1978-இல் 44-ஆவது திருத்தம் வந்தது. அதன்பின் உள்நாட்டுக் குழப்பம் என்று சொல்லிப் பிரகடனம் செய்ய முடியாது. ஆயுதக் கலகமாக இருக்க வேண்டும். மந்திரிசபையின் முடிவு எழுத்திலே வரவேண்டும். இரண்டு சபைகளும் ஒரு மாதத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மறுபடி கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிது, உயிரையும் உடல் சுதந்திரத்தையும் காக்கிற 21-ஆவது ஷரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகிற உரிமையை, வெளிநாட்டு யுத்தம் நடக்கும்போதும் குடியரசுத் தலைவர் நிறுத்தி வைக்க முடியாது. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, ஒருவரின் அந்தரங்கமும் அந்த 21-ஆவது ஷரத்துக்குள் அடங்கியதே என்று தீர்ப்புச் சொன்னார்கள். 1976 தீர்ப்பையும் தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்களில் ஒருவர், அன்று தீர்ப்புச் சொன்ன நால்வரில் ஒருவருடைய புதல்வர்! வீட்டில் சாப்பாட்டு வேளையில் இது எப்படிப் பேசப்பட்டிருக்குமோ என்று நமக்கு ஒரு அற்ப ஆவல் உண்டு. ஆனால் 1976-இல் தீர்ப்பளித்த ஒய். வி. சந்திரசூட் 2008-இலேயே காலமாகிவிட்டார்.

ஆகவே, யுத்த காலத்திலும் உன் தாயாரின் பேச்சுக்கு ஷரத்து ஒன்று காவல் இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னோம். ராணுவத்தில் இருக்கும் தமையன் விஷயம் வேறு. படையினரின் உரிமைகளைப் பார்லிமெண்ட் குறைக்கலாம் என்று 33-ஆவது ஷரத்து பகிரங்கமாகவே சொல்லுகிறது. அவள் தலையசைத்தாள். திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் தலையசைத்தால் நம்பக் கூடாது.

"அப்ப இந்த மே மாசம் நெருக்கடி நிலை போட்டாங்களா, ஸார்?"

போடவில்லை. 1999-இல் கார்கில் சண்டையின்போதும் போடவில்லை. இதுதான் இரண்டாவது முடிச்சு. ஒட்டுக் கேட்பதற்கு நெருக்கடி நிலையும் வேண்டாம், குடியரசுத் தலைவரும் வேண்டாம். 1885-ஆம் வருஷத் தந்திச் சட்டத்தை வைத்துக்கொண்டு சமாதான காலத்திலேயே அதைச் செய்துவந்தார்கள். அதற்கு விதிமுறையே இல்லாமல் நூறு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. 1996 டிஸம்பரில் ஸுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, உள்துறைச் செயலாளர் உத்தரவிட வேண்டும், காரணம் எழுத வேண்டும், இரண்டு மாதத்துக்குமேல் வேண்டுமானால் மறுபடி உத்தரவிட வேண்டும், ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, உயர் அதிகாரிகள் கமிட்டி ஒன்று பரிசீலிக்க வேண்டும் என்று வரம்பு கட்டியது. பிறகு வந்த 2007-ஆம் வருஷ விதிகளும், புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024-இல் வந்த விதிகளும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகின்றன. இந்த வரிசையில் நீதிபதி ஒருவரும் இல்லை. உத்தரவிடுபவர் அதிகாரி, பரிசீலிப்பவரும் அதிகாரி.

அந்தப் பரிசீலனை எப்படி நடக்கிறதாம்? நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் அமைந்த கமிட்டி 2018-இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடும் பரிசீலனைக் கமிட்டியின்முன் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 வரை உத்தரவுகள் வருகின்றனவாம். நாம் ஒரு கணக்குப் போட்டோம். கமிட்டி ஒரு நாள் முழுக்க, எட்டு மணி நேரம், காப்பிக்குக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்தாலும் ஓர் உத்தரவுக்கு இரண்டு விநாடிக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். நூற்றிருபது பரீட்சைப் பேப்பரைத் திருத்துவதற்குள் நமக்குக் கை ஓய்ந்துபோகிறது!

பாட்டனார் காலத்துக் கெட்டிலாவது ஒரு சுருக்கத்தை விட்டுச் சென்றது. டெலிபோனில் அதுவும் கிடையாது. யாருடைய பேச்சு கேட்கப்பட்டதோ அவருக்குப் பிற்பாடாவது தெரிவிக்க வேண்டும் என்று நம் சட்டத்தில் இல்லை. கேட்கப்பட்டதே தெரியாதவர் எந்த ஷரத்தைத் தூக்கிக்கொண்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று சிநேகிதர் ஒருவர் கேட்டார். அங்கே 1978-இல் இதற்கென்றே ஒரு தனிக் கோர்ட்டு வைத்தார்கள். அந்நிய நாட்டு ஒற்றுக்காகத் தன் நாட்டுக்குள் ஒட்டுக் கேட்க வேண்டுமானால் அந்தக் கோர்ட்டின் அனுமதி வாங்க வேண்டும். 2001-இல் நியூயார்க் கோபுரங்கள் தகர்ந்தபின் ஜனாதிபதி புஷ் அந்தக் கோர்ட்டைக் கேளாமலேயே, யுத்த காலத் தளபதி என்ற ஹோதாவில், வெளிநாட்டோடு பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்க உத்தரவிட்டார். பத்திரிகையில் வெளிவந்தது 2005 டிஸம்பரில். நீதிபதியை வைத்த வீட்டிலும் ஜன்னல் வழியாகப் போகிறவர் போகத்தான் செய்கிறார். ஆனாலும் போனவரைப் பார்த்து, "வாசல் இருக்க ஏன் ஜன்னல்?" என்று கேட்க அங்கே ஒரு சட்டம் இருந்தது. நமக்கு அந்த வாசலே இன்னும் வைக்கவில்லை.

மறுபடி ஜெயில் சிங்கிடம் வருவோம். அவர் கிடப்பில் போட்ட மசோதா, கடிதங்களைப் பிரிப்பதற்கான காரணங்களை விரிக்கப் பார்த்தது. ஒரு மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஒரு தரம் திருப்பி அனுப்பலாம்; மறுபடி நிறைவேறி வந்தால் கையெழுத்திட்டே ஆகவேண்டும். ஆனால் இத்தனை நாளுக்குள் என்று 111-ஆவது ஷரத்தில் கெடு இல்லை. அந்தச் சந்தில் அவர் புகுந்துகொண்டார். அப்போது அவருக்கும் பிரதம மந்திரி ராஜீவ் காந்திக்கும் மனஸ்தாபம் என்பது ஊரறிந்த ரகசியம். கொள்கைக்காகச் செய்தாரா, கோபத்துக்காகச் செய்தாரா என்று அன்றே வாதாடினார்கள். கோபமாகவே இருக்கட்டும். அதனால் பதினாறு வருஷம் அந்த மசோதா எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பின் வந்த நம் தஞ்சை ஜில்லாக்காரர் ஆர். வெங்கட்ராமன், 1990-இல் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 2002-இல் அது வாபஸ் ஆயிற்று. எனினும் நம்முடைய கடிதம் பத்திரமாக இருப்பது இரண்டு பெரிய மனிதர்களின் மனஸ்தாபத்தைப் பொறுத்தது என்றால், அவர்கள் சமாதானமாகப் போய்விட்டால் நம் கதி என்ன என்றும் கேட்கத் தோன்றுகிறது. 2023 டிஸம்பரில் புதிய தபால் சட்டம் வந்தது. 1898-ஆம் வருஷச் சட்டம் போயிற்று. தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவசரம் ஆகியவற்றுக்காக மட்டுமல்ல, எந்தச் சட்டத்தை மீறினாலும் தபாலைப் பிரிக்க அதிகாரிக்கு அதிகாரம் தரலாம் என்று அதன் 9-ஆவது பிரிவு சொல்லுகிறது. இந்த முறை கையெழுத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. 1987-ஐப் போலத் திண்ணையில் யாரும் மூன்று தரம் படிக்கச் சொன்னதாகவும் தெரியவில்லை.

கதை முடிந்ததும் அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டாள். "உங்க தாத்தா அந்தப் பெரியவர்கிட்ட ஏன் ஸார் சொல்லவே இல்லை?" இருபத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தும் அதற்கு நம்மிடம் விடை இல்லை. பயம் என்று சொல்லியிருக்கலாம். சின்ன வயசு, புதிதாகக் கலியாணம், யுத்த காலத்தில் கிடைத்த சர்க்கார் வேலை. பயமாக இருந்தால் 1947-க்குப் பிறகு சொல்லியிருக்கலாமே என்று அவள் அடுத்துக் கேட்பாள் என்பதும் தெரியும். ஆகவே, "தெரியவில்லை, அம்மா" என்றோம்.

அந்த வாரக் கடைசியில் வகுப்பிலே ஒரு யோசனை எழுந்தது. தமையனுக்கு எல்லோருமாகச் சேர்ந்து கடிதம் எழுதுவது என்று. வாட்ஸாப்பில் அனுப்பலாமே என்று ஒரு பையன் சொன்னான்; அவனை மற்றவர்கள் உட்கார வைத்துவிட்டார்கள். தபாலாபீஸில் போய் இன்லண்ட் லெட்டர் பன்னிரண்டு வாங்கிவந்தோம். விலாசத்தில் ஊர் கிடையாது. பெயர், படையின் பெயர், பிறகு 56 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். பனிமலையில் இருந்தாலும் பாலைவனத்தில் இருந்தாலும் அதே விலாசம். "இது நல்ல வேலை ஸார், கத்தரிக்கோலே தேவையில்லை" என்றாள் அந்தப் பெண். கொடிக்காலில் தண்ணீர் கட்டியது, மஞ்சளாற்றில் தண்ணீர் வந்தது, யாரோ ஒருவன் கணக்கில் வாங்கிய பூஜ்யம் எல்லாம் அந்தப் பன்னிரண்டு தாளில் அடங்கின.

பதில் வருவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. பள்ளி விலாசத்துக்கு, நம் பெயருக்கு வந்தது. வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனோம். நாற்பது பேரும் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பிரிக்கப் போன கை நின்றது. கடிதத்தைத் திருப்பி, ஒட்டியிருந்த விளிம்பின்மேல் நம் கட்டைவிரல் நகம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. அந்தப் பெண் நம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் கையை நீட்டி வாங்கி, தன் நகத்தை ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள்.

"படிங்க ஸார், படிங்க!" என்று பின்னால் நின்றவர்கள் கூச்சலிட்டார்கள்.